வைனில் பழைய விண்டோஸ் கேம்: திரையளவு மாறும் சிக்கலுக்கு முழுமையான வழிகாட்டி

"மாமா, கேமை மூடிட்டேன். ஆனா லேப்டாப்ல எல்லாமே பெருசு பெருசா தெரியுது. கெட்டுப்போச்சா?"

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் போட்டுக் கேட்டான். கெட்டெல்லாம் போகவில்லை. அவனுடைய லினக்ஸ் லேப்டாப்பின் திரை 1366×768. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓடிய ஒரு பழைய கேம், திரையை 640×480-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறது. வைனும் மாற்றிக் கொடுத்திருக்கிறது. அப்புறம் கேம் ஒழுங்காக மூடாமல் நடுவழியில் நின்றுபோனது. திரையைப் பழையபடி வைக்க வேண்டிய புரோகிராமே இல்லாமல் போனதால், திரை அந்தச் சின்ன அளவிலேயே மாட்டிக்கொண்டது. ஐகான்கள் உள்ளங்கை அகலத்துக்கு நிற்க, பிரவுசர் விண்டோ மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

வைனைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதிகம் பேர் என்னிடம் கேட்கும் சிக்கல் இதுதான். என் அனுபவத்தில் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய புரோகிராமை உங்கள் உண்மையான மானிட்டரைத் தொட விடாதீர்கள். அது கேட்கும் அளவில் ஒரு திரை இருப்பதாக அதை நம்பவையுங்கள். அது வரையும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை வேறொரு கருவியிடம் கொடுங்கள். கீழே வரும் வழிகள் எல்லாமே இதைச் செய்வதற்கான வெவ்வேறு முறைகள்தான்.

திரை ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

இந்த நிலைமையில் இதைப் படிப்பவர்கள் இருக்கலாம் என்பதால் மீட்பு வேலையை முன்னால் வைக்கிறேன். பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டாம், அதற்குத் தேவையே வராது.

கேம் மூடிவிட்டது, டெஸ்க்டாப் தெரிகிறது, அளவு மட்டும் தப்பு என்றால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய்ப் பழைய ரெசல்யூஷனை, அதாவது திரையளவை, தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். திரை சிறிதாகிவிட்டதால் அப்ளை பட்டன் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போயிருக்கலாம். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு விண்டோவின் உட்புறத்தை மவுஸால் இழுத்தால் பல டெஸ்க்டாப்களில் விண்டோ நகரும். நோம் என்ற டெஸ்க்டாப்பில் ஆல்ட்டுக்குப் பதில் சூப்பர் விசை, அதாவது விண்டோஸ் சின்னம் போட்ட விசை.

கேம் உறைந்துபோய் முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறதா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உள்ளே போய் வைன்சர்வர் கட்டளையை ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய கே எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். வைனில் ஓடும் எல்லாம் நின்றுவிடும். பிறகு கண்ட்ரோல், ஆல்ட் உடன் எஃப்1, எஃப்2, எஃப்7 என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் உங்கள் டெஸ்க்டாப் திரும்பி வரும். எது என்பது டிஸ்ட்ரோவை, அதாவது எந்த வகை லினக்ஸ் என்பதை, பொறுத்தது.

லினக்ஸில் திரையைக் கையாளும் முறை இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட். உங்களுடையது எது என்று பார்ப்பதைப் படி 1-இல் சொல்கிறேன். எக்ஸ்11 செஷனில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கட்டளை அடிக்கும் விண்டோவான டெர்மினலில் எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்தையும் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து, இடைவெளி, கழித்தல் குறி, எஸ், மறுபடி இடைவெளி, பூஜ்யம் என்று போட்டு என்டர் கொடுங்கள். பட்டியலில் முதலில் இருக்கும் அளவுக்குத் திரை போய்விடும், பெரும்பாலும் அது மானிட்டரின் சொந்த அளவாகவே இருக்கும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம், டிஸ்ப்ளே செட்டிங்ஸ் வழியே போவதுதான் நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால், எந்தக் கேமுக்கு எந்த வழி என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

1990-களின் விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "இந்த மானிட்டரில் என்னென்ன அளவுகள் உண்டு?" என்று விண்டோஸிடம் பட்டியல் கேட்கும். அதில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, "இதற்கு மாற்று" என்று சொல்லும். மாற்றச் சொல்வதற்கு இரண்டு வழி. ஒன்று, விண்டோஸின் சேஞ்ச்டிஸ்ப்ளேசெட்டிங்ஸ் என்ற அழைப்பு. இன்னொன்று, கேம்கள் படம் வரையப் பயன்படுத்திய டைரக்ட்டிராவின் செட்டிஸ்ப்ளேமோட். முதல் வழியில் "இது தற்காலிகம்" என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம். அப்படி அனுப்பினால், புரோகிராம் முடிந்ததும் விண்டோஸே திரையைப் பழையபடி வைத்துவிடும்.

வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. அது விண்டோஸை உள்ளே ஓட்டுவதில்லை. விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. ஆகவே "640×480-க்கு மாற்று" என்று கேம் சொன்னால், எக்ஸ்11 செஷனில் வைன் அதை ரேண்ட்ஆர் என்ற நீட்டிப்பின் வழியாக, திரையைக் கையாளும் எக்ஸ் சர்வரிடம் கேட்கிறது. எக்ஸ் சர்வரும் உண்மையிலேயே மானிட்டரை மாற்றிவிடுகிறது. தொந்தரவு தொடங்கும் இடம் இதுதான்.

குண்டு மானிட்டர் காலத்தில் இது சாதாரண விஷயம். சிஆர்டி திரையில் நிலையான புள்ளிக் கட்டம் என்று ஒன்று கிடையாது. 640×480 கேட்டால் அந்த அளவிலேயே தெளிவாக வரைந்துவிடும். எல்சிடி அப்படியில்லை. 1920×1080 திரையில் அத்தனை புள்ளிகள் அச்சடித்த மாதிரி நிலையாக இருக்கின்றன. வேறு அளவு கேட்டால், மானிட்டரோ கிராபிக்ஸ் கார்டோ படத்தை இழுத்துப் பொருத்த வேண்டும். அதற்குள் திரை ஒன்றிரண்டு நொடி கறுத்துப்போகும். அதோடு, டெஸ்க்டாப் "திரை சுருங்கிவிட்டது" என்று நினைத்து, திறந்திருக்கும் மற்ற விண்டோக்களை எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் திணிக்கும். அளவு திரும்பி வந்தாலும் அவை பழைய இடத்துக்குப் போகும் என்று நம்ப முடியாது.

நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 256 நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கேம்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ் சர்வரில் நிற ஆழத்தை மாற்ற முடியாது என்பதால், அந்த மாற்றத்தை வைன் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. நாம் பார்க்க வேண்டியது அளவு மட்டும்.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். கேம் கேட்கும் அளவு பட்டியலிலேயே இல்லாமல், அது திறக்கும்போதே பிழை காட்டி மூடிவிடலாம். மாறிய அளவு திரும்பாமல் போகலாம். அல்லது கேம் நினைக்கும் திரைக்கும் உண்மைத் திரைக்கும் கணக்கு பொருந்தாமல், மவுஸ் ஓரிடத்தில் தெரிய, கிளிக் வேறிடத்தில் விழலாம். உங்களுக்கு வந்திருப்பது இவற்றில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். மானிட்டரின் சொந்த அளவு என்ன, கேம் கேட்கும் அளவு என்ன, வைன் பதிப்பு எது, செஷன் எக்ஸ்11-ஆ வேலேண்டா?

செஷனைத் தெரிந்துகொள்ள, நோமில் செட்டிங்ஸின் அபவுட் பகுதியில் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியைப் பாருங்கள். கேடிஇ டெஸ்க்டாப்பில் சிஸ்டம் செட்டிங்ஸின் அபவுட் பக்கத்தில் கிராபிக்ஸ் பிளாட்ஃபார்ம் என்று இருக்கும். வைன் பதிப்பு, வைன்சிஎஃப்ஜி திறந்தால் அபவுட் தாவலில் தெரியும். டெர்மினலில் வைன்சிஎஃப்ஜி என்று இடைவெளி விடாமல் சிறிய எழுத்தில் அடித்தால் அந்த விண்டோ வரும். இனி பலமுறை அதைத் திறக்கப் போகிறோம்.

கேம் கேட்கும் அளவு தெரியாவிட்டால் அதன் வயதை வைத்து ஊகிக்கலாம். 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 640×480 மட்டும்தான். அதே காலத்து வியூகக் கேம்கள் பலவற்றில் 800×600, 1024×768 என்று தேர்வுகள் இருக்கும். சில கேம்களில் மெனு ஓர் அளவிலும் விளையாட்டு வேறு அளவிலும் ஓடும். இவை ஒரே உட்காரலில் திரையைப் பலமுறை மாற்றும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

படி 2: தனி ப்ரிஃபிக்ஸ்

வைன் தன் அமைப்புகளை எல்லாம் ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்து மறைத்த வைன் ஃபோல்டரில் வைக்கிறது. அதைத்தான் ப்ரிஃபிக்ஸ் என்கிறோம். எல்லாப் புரோகிராமையும் அதிலேயே போட்டுவிட்டு, ஒரு கேமுக்காகத் திரை அமைப்பை மாற்றினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று கெட்டுப்போகும். கேமுக்கு ஒரு ப்ரிஃபிக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் பிடிக்காதவர்கள் பாட்டில்ஸ் அல்லது லூட்ரிஸ் நிறுவிக்கொள்ளலாம், இரண்டிலும் கேமுக்குக் கேம் தனியாக வைப்பது எளிது. லூட்ரிஸில், கேம் முடிந்ததும் ரெசல்யூஷனைப் பழையபடி வைக்கும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் அதையாவது போட்டு வையுங்கள்.

தனி ப்ரிஃபிக்ஸ் வைத்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே சொன்ன வைன்சர்வர் கட்டளை, எந்த ப்ரிஃபிக்ஸ் என்று சொல்லாவிட்டால், வழக்கமான ப்ரிஃபிக்ஸில் ஓடுவதைத்தான் நிறுத்தும்.

படி 3: கேமிடமே கேளுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேமின் ஆப்ஷன்ஸில் விண்டோட் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், கேம் ஃபோல்டரில் ஐஎன்ஐ என்று முடியும் கோப்பைத் திறந்து பாருங்கள். ஃபுல்ஸ்கிரீன் என்ற வரியில் 1-ஐ 0 ஆக்கியதிலேயே வேலை முடிந்த கேம்கள் நிறைய பார்த்திருக்கிறேன். பார்டர்லெஸ் என்ற தேர்வு இருந்தால் இன்னும் நல்லது. அதில் கேம் திரையை முழுதாக மூடும், ஆனால் ரெசல்யூஷனைத் தொடாது.

படி 4: விர்ச்சுவல் டெஸ்க்டாப்

வைனில் வெகுகாலமாக இருக்கும் வழி இது. வைன் ஒரு விண்டோவைத் திறந்து, "இதுதான் உன் முழுத் திரை" என்று கேமிடம் சொல்லிவிடும். கேம் அளவை மாற்றச் சொன்னால் அந்த விண்டோ மட்டும் சுருங்கும், விரியும். மானிட்டருக்குச் செய்தியே போகாது. மானிட்டரின் பட்டியலில் இல்லாத பழைய அளவுகளும் இங்கே கிடைக்கும். அதனால் முதல் வகைச் சிக்கலுக்கும் இதுவே மருந்து.

வைன்சிஎஃப்ஜி திறங்கள். முதல் தாவல் அப்ளிகேஷன்ஸ். அதில் கேமின் இஎக்ஸ்இ கோப்பைச் சேர்த்து, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே கிராபிக்ஸ் தாவலுக்குப் போங்கள். அங்கே எமுலேட் எ விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற பெட்டியை டிக் செய்து, அளவுக்கான இரண்டு கட்டங்களில் கேம் கேட்கும் அளவையே கொடுங்கள். ஸ்டார்கிராஃப்ட் என்றால் 640, 480. அப்ளை, ஓகே.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. பல கேம்களில் நாம் கிளிக் செய்யும் கோப்பு வெறும் லாஞ்சர்தான். அது வேறொரு இஎக்ஸ்இயை எழுப்பிவிட்டுப் போய்விடும். நீங்கள் சேர்த்தது லாஞ்சர், ஓடுவது வேறு என்றால் நினைத்தபடி நடக்காது. கேம் ஓடும்போது சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, உண்மையில் எந்தப் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ப்ரிஃபிக்ஸ் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம், டீஃபால்ட் செட்டிங்ஸ் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தே டிக் போட்டுவிடலாம்.

வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவியில் பழக்கம் உள்ளவர்கள் அதன் செட்டிங்ஸ் பட்டியலிலேயே விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை வெவ்வேறு அளவுகளில் போடலாம், எடுக்கலாம்.

இந்த வழியின் குறை, படம் பெரிதாகாது என்பதுதான். 640×480 என்றால் அத்தனை புள்ளிதான். 1366×768 திரையில் பரவாயில்லை. 3840×2160 திரையில் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும், தபால் தலை மாதிரி. கணக்குப் புரோகிராம், பழைய அகராதி, பள்ளிக் காலத்துக் கல்வி சிடி போன்றவற்றுக்கு இதுவே போதும். கேமுக்கு அடுத்த படிகளைப் பாருங்கள்.

படி 5: வைன் 10-இல் வந்த புது வழி

2025 ஜனவரியில் வந்த வைன் 10.0-இல், திரை மாற்றத்தை முழுக்க வைனே நடித்துக் காட்டும் வசதி, சோதனை நிலையில், சேர்க்கப்பட்டது. கேம் 640×480 கேட்டால் வைன் "சரி, மாற்றிவிட்டேன்" என்று சொல்லும். ஆனால் மானிட்டரிடம் எதையும் கேட்காது. கேம் வரைந்த படத்தைப் பெரிதாக்கி, தேவைப்பட்டால் ஓரங்களில் இடம் விட்டு, உண்மைத் திரையில் பொருத்திவிடும்.

இது தானாக வராது, நாம்தான் போட வேண்டும். டெர்மினலில் வைன், இடைவெளி, கண்ட்ரோல் என்று அடித்தால் விண்டோஸ் மாதிரியே ஒரு கண்ட்ரோல் பேனல் வரும். டெஸ்க்டாப் அமைப்புகளுக்கான ஐகானை அதில் திறங்கள். அதுவும் அதே பதிப்பில் புதிதாக வந்ததுதான். மானிட்டர் அமைப்பைப் பார்க்க, மாற்ற, விர்ச்சுவல் டெஸ்க்டாப் அளவை வைக்க, இந்த நடிப்பு வசதியைக் கையாள, எல்லாவற்றுக்கும் அது ஒரே இடம். உங்கள் டிஸ்ட்ரோவில் 10-க்கு முந்தைய வைன் இருந்தால் இந்த ஐகான் இருக்காது. வைன் திட்டத்தின் தளமான வைன்ஹெச்க்யூ தரும் தொகுப்பை நிறுவினால் புதிய பதிப்பு கிடைக்கும்.

நீண்ட நாள் கேட்டுக்கொண்டிருந்த வசதி இது. சரியாக ஓடும் கேம்களில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சோதனை நிலை என்பதால், ஏதாவது கேமில் கோளாறாக இருந்தால் தயங்காமல் எடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 6: கேம்ஸ்கோப்

கேமுக்கு நான் முதலில் கை வைப்பது இதில்தான். ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் உருவாக்கியது, 2022-இல் வந்த அவர்களுடைய ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியில் கேம்கள் இதற்குள்தான் ஓடுகின்றன. கேமுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னத் திரையுலகத்தை உண்டாக்கி, அங்கே வரையப்பட்டதை வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையின் உதவியால் உங்கள் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் காட்டும். அதனால் வல்கன் ஓடும் கிராபிக்ஸ் கார்டும் டிரைவரும் தேவை.

கொடுக்க வேண்டிய எண்கள் நான்கு. சிறிய எழுத்தில் போடும் டபிள்யூ, ஹெச் இரண்டும் கேமுக்குக் காட்டும் அளவு. பெரிய எழுத்தில் போடும் டபிள்யூ, ஹெச் இரண்டும் உங்கள் உண்மைத் திரையின் அளவு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம், கவனமாகப் பாருங்கள். முழுத்திரைக்குச் சிறிய எஃப். பாட்டில்ஸிலும் லூட்ரிஸிலும் இவற்றை அமைப்புப் பக்கத்திலேயே நிரப்பலாம், கட்டளை எழுத வேண்டியதில்லை.

எப்படிப் பெரிதாக்குவது என்பதிலும் தேர்வு உண்டு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 640×480 என்பது 4:3 வடிவம். 1920×1080 திரை முழுக்க இழுத்தால் அகலம் 3 மடங்கும் உயரம் 2.25 மடங்கும் ஆகும். வட்டம் எல்லாம் முட்டையாகிவிடும், ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். வடிவம் கெடாமல் உயரத்துக்குப் பொருத்தினால் 1440×1080, இரண்டு பக்கமும் 240 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை. ஆனால் 2.25 என்பது முழு எண் இல்லை. ஒரு புள்ளி இரண்டு புள்ளியாகவும், பக்கத்துப் புள்ளி மூன்றாகவும் விரியும், அல்லது மங்கலாகும். சரியாக 2 மடங்கு என்றால் 1280×960. மேலும் கீழும் 60, பக்கங்களில் 320 புள்ளி கறுப்பு. கொஞ்சம் சிறியதுதான், ஆனால் எழுத்தும் கோடும் கத்தி மாதிரி இருக்கும்.

புள்ளி புள்ளியாக வரைந்த பழைய கேம்களுக்கு இந்த முழு எண் மடங்கையே நான் சொல்வேன். கேம்ஸ்கோப்பில் பெரிய எஸ் எழுத்துக்குப் பின் இன்டிஜர் என்று கொடுத்தால் அப்படிச் செய்யும். முப்பரிமாண கேமை 1280×720-இல் ஓட்டி 1080-க்கு உயர்த்துவது வேறு கதை. அங்கே படத்தைக் கூர்மையாகப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் ஃபில்டர் அழகாக வேலை செய்யும். கேம் ஓடும்போதே சூப்பர் விசையோடு யு தட்டினால் எஃப்எஸ்ஆர், என் தட்டினால் புள்ளிகளை அப்படியே காட்டும் முறை, எஃப் தட்டினால் முழுத்திரை. தட்டித் தட்டிப் பார்த்துக் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

அக்கா மகன் லேப்டாப் 1366×768 என்பதால் 640×480-ஐ இரண்டு மடங்காக்க இடமில்லை, உயரம் 960 வேண்டும். அங்கே உயரத்துக்குப் பொருத்தினோம். 1024×768, இரண்டு பக்கமும் 171 புள்ளி கறுப்பு. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வடிவம் சரியாக இருந்தது. கேமை மூடியதும் டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்கூட இடம் மாறியிருக்கவில்லை.

ஸ்டீமில் ஓட்டுபவர்கள்

வால்வின் புரோட்டான் வைனை அடிப்படையாகக் கொண்டதுதான். 2018 ஆகஸ்டில் முதன்முதலாக வெளியிட்டபோதே, முழுத்திரைக் கேம்களின் படத்தை மானிட்டரின் சொந்த அளவுக்கு இழுத்துக் காட்டும் ஏற்பாட்டோடு வந்தது. அதனால் ஸ்டீமில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. உங்களிடம் சிடியில் இருக்கும் பழைய கேமைக்கூட ஸ்டீமில் நான்-ஸ்டீம் கேம் என்று சேர்த்து, அதன் ப்ராப்பர்ட்டீஸில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பார்க்கலாம். படி 5, 6 இரண்டும் சரிவராத கேம் இதில் ஓடியிருக்கிறது.

வேலேண்டில் இருப்பவர்கள்

வேலேண்டில் சாதாரணப் புரோகிராம் எதுவும் மானிட்டரின் அளவை மாற்ற முடியாது, அந்த உரிமை டெஸ்க்டாப்பிடம் மட்டும்தான். இது நமக்கு நல்லது. திரை மாட்டிக்கொள்ளும் சிக்கல் வேலேண்டில் அநேகமாக வராது.

வைன் பெரும்பாலும், எக்ஸ்11 புரோகிராம்களை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியாகத்தான் ஓடும். கேம் அளவை மாற்றச் சொன்னால், எக்ஸ்வேலேண்ட் அந்தப் புரோகிராமுக்கு மட்டும் மாற்றியதாகக் காட்டி, அதன் முழுத்திரை விண்டோவைப் பெரிதாக்கித் தருகிறது. மற்றப் புரோகிராம்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பழைய டிஸ்ட்ரோக்களில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம், அங்கே கேம் மூலையில் சின்னதாக நிற்கும். அப்போது கேம்ஸ்கோப்தான் வழி. வைனுக்கே சொந்தமாக வேலேண்ட் டிரைவரும் உண்டு. 10.0 முதல் அது சேர்ந்தே வருகிறது என்றாலும், எக்ஸ்11 கிடைத்தால் வைன் அதைத்தான் முதலில் எடுக்கும்.

படி 7: டைரக்ட்டிரா கேம்கள் இன்னும் அடம் பிடித்தால்

1990-களின் இருபரிமாண கேம்கள் பல டைரக்ட்டிரா வழியே நேரடியாகத் திரை நினைவகத்தில் எழுதுபவை. இவற்றுக்காகவே சிஎன்சி-டிடிரா என்ற சிறிய இலவசக் கருவி இருக்கிறது. டிடிரா டிஎல்எல் கோப்பையும் அதன் ஐஎன்ஐ கோப்பையும் கேமின் ஃபோல்டரில் போடுங்கள். பிறகு வைன்சிஎஃப்ஜியின் லைப்ரரீஸ் தாவலில் டிடிரா என்ற பெயரைச் சேர்த்து, நேட்டிவ் முதலில், பில்ட்இன் அடுத்து என்று அமையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வைன் தன் சொந்த டிடிராவையே எடுத்துக்கொள்ளும், நீங்கள் போட்ட கோப்பு சும்மா கிடக்கும். பாதிப் பேர் தவறவிடுவது இந்த இடம்தான். ஐஎன்ஐ கோப்பில் விண்டோவா முழுத்திரையா, வடிவ விகிதத்தைக் காக்க வேண்டுமா, முழு எண் மடங்கா என்று எல்லாம் வைக்கலாம்.

மவுஸ், டாஸ்க்பார், இரண்டாவது மானிட்டர்

வியூகக் கேம்களில் மவுஸைத் திரை ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் வரைபடம் நகரும். மவுஸ் பக்கத்து மானிட்டருக்கு நழுவிவிட்டால் விளையாடவே முடியாது. வைன்சிஎஃப்ஜியின் கிராபிக்ஸ் தாவலில் முதல் பெட்டி, முழுத்திரை விண்டோக்களில் மவுஸைத் தானாகப் பிடித்துவைப்பதற்கானது. அதை டிக் செய்யுங்கள். கேம்ஸ்கோப்பில் இந்தச் சிக்கல் வந்தால், சிறிய ஜி என்ற தேர்வு கீபோர்டைப் பிடிப்பது என்பதையும், மவுஸுக்கான தேர்வு வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேமின் மேல் டாஸ்க்பார் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கேம் விண்டோவின் அளவும் திரையின் அளவும் ஒத்துப்போகவில்லை என்பதால், டெஸ்க்டாப் அதை முழுத்திரையாக எண்ணவில்லை என்று அர்த்தம். அதே தாவலில், விண்டோக்களை விண்டோ மேனேஜர் கட்டுப்படுத்த அனுமதிக்கும் பெட்டியை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அப்போது ஆல்ட்-டேப் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கேம்ஸ்கோப் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

எக்ஸ்11-இல் எல்லா மானிட்டரும் ஒரே பெரிய பரப்பின் துண்டுகள். இடது மானிட்டர் 1920-இலிருந்து 640-க்குச் சுருங்கினால் வலது மானிட்டருக்கும் அதற்கும் நடுவே ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் உண்மையான அளவு மாற்றத்தை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம் என்பேன். கேம் தப்பான மானிட்டரில் திறந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எது பிரைமரி என்று மாற்றிப் பாருங்கள்.

எழுத்து மட்டும் சிறிதாக இருந்தால்

இது ரெசல்யூஷன் விஷயமே இல்லை, டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற விஷயம். கேம் இல்லாமல் சாதாரணப் புரோகிராம் ஒன்று 4கே திரையில் எறும்பு எழுத்தில் தெரிந்தால், கிராபிக்ஸ் தாவலின் கீழே உள்ள ஸ்லைடரை நகர்த்துங்கள். 96 என்பது வழக்கமான அளவு, 192 வைத்தால் இரண்டு மடங்கு. டிபிஐ பற்றித் தெரியாத பழைய புரோகிராம்களின் விண்டோவை வைன் 10.0 முதல் வைனே பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆகவே புதிய பதிப்பில் முதலில் ஸ்லைடரை வைத்து, புரோகிராமை மூடித் திறந்து பாருங்கள்.

எதுவும் சரிவராவிட்டால்

வைன்ஹெச்க்யூவின் ஆப்டிபி பட்டியலில் கேமின் பெயரைத் தேடுங்கள். அதே கேமை ஓட்டியவர்கள் எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில் ஓடியது என்று எழுதியிருப்பார்கள். அங்கேயும் விடை இல்லையென்றால் வைன் பக்ஸில்லாவில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது, படி 1-இல் தாளில் எழுதியதை அப்படியே கொடுங்கள்: மானிட்டர் அளவு, கேம் கேட்கும் அளவு, வைன் பதிப்பு, செஷன். அதோடு டெர்மினலில் கேமை ஓட்டிய வெளியீட்டையும் இணையுங்கள். ஓட்டும்போது வைன்டீபக் என்ற சூழல் மாறியில், கூட்டல் குறியோடு எக்ஸ்ரேண்ட்ஆர் (முன்பு சொன்ன அதே ஆறு எழுத்து) சேனலைப் போட்டுக்கொண்டால், திரையளவு மாற்றத்தை வைன் எப்படிக் கையாண்டது என்ற விவரம் அந்த வெளியீட்டில் வரும். எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்க டெவலப்பர்களுக்கு அந்த வரிகள்தான் முதலில் வேண்டும்.